மீண்டும் மாணவரான மேதைகள்

பெயர் பெற்றபின் மீண்டும் மாணவராய் அமர்வோர் அரியர். அமெரிக்க ஜாஸ் இசைவாணர் யூசுப் லத்தீஃப் (1920–2013) அத்தகையவர். சாக்ஸபோன், புல்லாங்குழல் ஆகியவற்றில் தேர்ந்த அவர், மேனாட்டு ஓபோவையும் நம் நாட்டு ஷெனாயையும் பயின்றார். 1975-இல் கல்வியியலில் டாக்டர் பட்டமும் பெற்றார்.

ஓபோவும் ஷெனாயும் நாகசுரம் போன்றே சீவாளியால் ஒலிப்பவை. ஆதலின் மணப்பாறையில் வாழும் நமக்கு, ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்து மறைந்த நாகசுர மேதை ஷேக் சின்ன மௌலானா சாகிபு நினைவில் எழுகின்றார்.

1924-இல் ஆந்திரத்துக் கரவதியில், வழிவழியாக நாகசுரம் வாசித்த முஸ்லிம் குடும்பத்தில் அவர் பிறந்தார். சிலகலூரிப்பேட்டை ஷேக் ஆதம் சாகிபிடம் பயின்றார். ஆயினும் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பு அவர் உள்ளத்தை ஈர்த்தது. கற்றது போதும் என்றிராமல் தமிழகம் போந்து, நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களின் மாணவரானார். ஆசிரியர் எச்சமயத்தவர் என அவர் நோக்கவில்லை. மாணவர் எச்சமயத்தவர் என அவர்களும் நோக்கவில்லை.

பின்னர் ஸ்ரீரங்கத்திலேயே குடியமர்ந்து, தாமும் பலருக்குக் கற்பித்தார். 1977-இல் பத்மஸ்ரீ விருதும், 1998-இல் சங்கீத கலாநிதி விருதும் அவரை நாடி வந்தன. 1999 ஏப்ரலில் வஃபாத்தானார். பேரர்கள் காசிம், பாபு இருவரும் அக்கலையைத் தொடர்ந்தனர்.

இசை ஆகுமா என்பதில் மார்க்க அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. அதில் தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை. பாடம் சொல்லும் தொழிலில் இருக்கும் நாம் காண்பது ஒன்றே: 'ஓதி முடித்துவிட்டோம்' என்று நம் பிள்ளைகள் கூறும் நாளில், இவ்விருவரின் வரலாற்றையும் அவர்களுக்கு எடுத்துரைப்போம்.