எவ்வளவு வைக்கிறீர்கள்?

தர்மர் சூதாட்டத்தில் ஏன் தோற்றார்? யாரைக் கேட்டாலும் சட்டென்று பதில் வரும்: 'சகுனி பித்தலாட்டம் பண்ணிட்டான்!' சரி, அது அப்படியே இருக்கட்டும். மகாபாரதத்தின் சபா பர்வத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்தால், இன்னொரு விஷயமும் கண்ணில் படும். தர்மர் முதலில் வைப்பது ஒரு மணிமாலையை. அது போகிறது. அடுத்து பொற்காசுகள். அப்புறம் தேர், பணியாட்கள், யானைகள், குதிரைகள்... தோற்கத் தோற்க அவர் பந்தயத்தைக் குறைக்கவில்லை. ஏற்றிக்கொண்டே போகிறார். நாடு போனது, தம்பிகள் போனார்கள், தானும் போனார். கடைசியில் திரௌபதி!

எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். காய் உருட்டுவது சகுனி, பந்தயப் பொருள் துரியோதனனுடையது. அதாவது ஆடுகிறவனுக்குச் சொந்தக் காசு ஒரு பைசா நஷ்டமில்லை. அவனால் நிதானமாக ஆட முடிகிறது. இவரால் முடியவில்லை.

காய் உருட்டத் தெரியாமல் போனது தர்மருக்கு ஒரு குறை என்றால், எவ்வளவு வைப்பது என்று தெரியாமல் போனது அதைவிடப் பெரிய குறை. இன்றைக்கு போக்கர் ஆடுகிறவர்கள் இதற்கு 'பெட் சைஸிங்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கையில் வந்த சீட்டுக்கு எவ்வளவு பணத்தை முன்னால் தள்ளுவது என்கிற கணக்கு. 'எவ்வளவு?' என்ற இந்தச் சின்னக் கேள்வி நளனிடம் தொடங்கி, பாரிஸ், லாஸ் வேகாஸ் வழியாக நம்ம ஊர் நீதிமன்றம் வரைக்கும் வந்த கதை சுவாரஸ்யமானது. கொஞ்சம் வலியும் உள்ளது.

நாடிழந்து காட்டிலிருந்த தர்மரிடம் பிருகதச்வர் என்ற முனிவர் வருகிறார். 'உன்னைப்போல் இன்னொருவன் இருந்தான்' என்று சொல்லி ஆறுதலுக்கு அவர் சொல்வதுதான் நளன் கதை. சூதில் எல்லாம் இழந்த நளன், உருவம் மாறி அயோத்தி மன்னன் ருதுபர்ணனுக்குத் தேரோட்டுகிறான். போகிற வழியில் ஒரு தான்றி மரம். ருதுபர்ணன் அதைப் பார்த்த மாத்திரத்தில் இலை இத்தனை, காய் இத்தனை என்று சொல்கிறான். நளனுக்கு நம்பிக்கை வரவில்லை. தேரை நிறுத்தி, இறங்கி, எண்ணிப் பார்க்கிறான். கணக்கு அப்படியே சரி! 'எனக்குச் சூதின் சூட்சுமமும் தெரியும், எண்ணும் வித்தையும் தெரியும்' என்கிறான் ருதுபர்ணன்.

கவனித்தீர்களா? சூதாட்டமும் கணக்கும் ஒரே பாடமாகச் சொல்லித் தரப்படுகிறது. நிகழ்தகவுக் கணிதத்தின் வரலாற்றை எழுதிய இயன் ஹாக்கிங் என்ற தத்துவ அறிஞரும் இந்த நளன் கதையை எடுத்துக்காட்டியிருக்கிறார். அந்த வித்தையைக் கற்ற பிறகுதான் நளன் திரும்பிப் போய் புஷ்கரனை ஜெயிக்கிறான். கதை சொன்ன முனிவர் தர்மருக்கும் அதே வித்தையைச் சொல்லிக் கொடுத்தார். அந்தத் தைரியத்தில்தான் அவர் விராடன் அரண்மனையில் கங்கன் என்ற பெயரில், ராஜாவோடு சூதாடும் வேலையிலேயே ஒரு வருஷத்தை ஓட்டினார்.

ஐரோப்பாவில் இந்தக் கணக்கு 1654-ல் சூடுபிடித்தது. பாதியில் நின்றுபோன ஆட்டத்தில் பந்தயப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்று பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். 1657-ல் ஹாய்கன்ஸ் அதைப் புத்தகமாக்கினார். அதன் கடைசியில் கொடுத்த புதிர்களில் ஒன்று, இரண்டு பேரில் ஒருவர் முழுசாகக் காலியாகும்வரை ஆடினால் என்ன ஆகும் என்பது. இதற்குக் கணித உலகம் பின்னால் வைத்த பெயரே 'சூதாடியின் அழிவு'!

அந்தப் புதிரை நம்ம ஊருக்குக் கொண்டு வருவோம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து வரும் ஓர் இளைஞர். கற்பனை ஆள்தான். பாக்கெட்டில் 1,000 ரூபாய். எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் 9,000. காசு சுண்டுகிறார்கள். பூவா தலையா, தடவைக்கு ஒரு ரூபாய். பித்தலாட்டம் எதுவும் இல்லை. ஒருவர் காலியாகும் வரை ஆட்டம். நம்மாள் ஜெயிக்க வாய்ப்பு எவ்வளவு? 'பாதிக்குப் பாதி' என்றால் தப்பு. பத்தில் ஒன்று! பத்து தடவை இப்படி உட்கார்ந்தால் ஒன்பது தடவை வெறும் கையோடுதான் பஸ் ஏறுவார். ஆட்டம் நியாயமானது, ஆனால் பணம் சமமில்லை. பெரிய பணம் அடிகளைத் தாங்கும், சின்னப் பணம் தாங்காது. அவ்வளவுதான் ரகசியம்.

'அது பூவா தலையா. சீட்டாட்டத்தில் மூளைக்கு வேலை உண்டே?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. போக்கரையே எடுத்துக்கொள்வோம். 1970-ல் லாஸ் வேகாஸில் பென்னி பினியன் என்பவர் தன் சூதாட்ட விடுதியில் உலகப் போட்டி என்று ஒன்றைத் தொடங்கினாரே, அதில் பிரபலமான 'டெக்சஸ் ஹோல்டெம்' ஆட்டம். ஆளுக்கு இரண்டு சீட்டு மூடி. நடுவில் ஐந்து சீட்டு ஒவ்வொரு கட்டமாகத் திறக்கும். நடுவில் நாலு திறந்தாயிற்று. உங்கள் கையில் இரண்டு ஆட்டின், நடுவில் இரண்டு ஆட்டின். கடைசிச் சீட்டும் ஆட்டின் என்றால் ஃப்ளஷ். உங்களுக்குத் தெரியாத சீட்டு 46, அதில் ஆட்டின் 9. அதாவது வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று.

நடுவில் சேர்ந்திருப்பது 1,000 ரூபாய். எதிராளி 100 ரூபாய் வைக்கிறார். நீங்கள் 100 போட்டால் 1,100-க்கு ஆசைப்படலாம். லாபமான பேரம், தாராளமாகப் போடலாம். அதே எதிராளி 1,000 வைத்தால்? 1,000 கொடுத்து 2,000-க்கு ஆசைப்பட வேண்டும். அதற்கு மூன்றில் ஒரு வாய்ப்பாவது வேண்டும். உங்களிடம் இருப்பதோ ஐந்தில் ஒன்று. சீட்டைக் கவிழ்த்துவிட்டுச் சும்மா இருப்பதே புத்தி. பாருங்கள், உங்கள் கையில் இருக்கும் சீட்டு மாறவே இல்லை. எதிராளி வைத்த தொகைதான் மாறியது. சரியான முடிவு தலைகீழாகிவிட்டது! 2017-ல் நான்கு தேர்ந்த ஆட்டக்காரர்களைத் தோற்கடித்த லிப்ராடஸ் என்ற கம்ப்யூட்டர், நடுவில் இருப்பதைவிடப் பல மடங்கு தொகையைத் திடீரென்று வைத்துத்தான் அவர்களைத் திணறடித்தது.

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று ஒதுக்க வேண்டாம். ரம்மியில் முதல் சீட்டு எடுப்பதற்கு முன்பே 'ஸ்கூட்' சொன்னால் 20 பாயின்ட். நடுவில் சொன்னால் 40. மாட்டிக்கொண்டால் ஃபுல், 80. நாலு ஸ்கூட்டும் ஒரு ஃபுல்லும் சமம். ஜோக்கர் இல்லை, ஒரிஜினலுக்கு வழியில்லை என்றால் இருபதைக் கொடுத்துவிட்டு ஒதுங்குவதும் 'எவ்வளவு' என்ற அதே கணக்குதான்.

இனி சட்டத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் சூதாட்டத்துக்கு ரொம்ப காலமாக இரண்டு சட்டங்கள். சென்னை நகருக்குள் 1888-ம் வருஷத்து போலீஸ் சட்டம். நகரம் தாண்டி கும்மிடிப்பூண்டி மாதிரி ஊர்களுக்கு 1930-ம் வருஷத்துச் சட்டம். இரண்டிலுமே திறமை ஆட்டத்துக்கு விலக்கு உண்டு. ஆக, வழக்கு வந்தால் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: திறமையா, அதிர்ஷ்டமா?

ரம்மிக்கு அந்தப் பதிலை வாங்கித் தந்தது செகந்திராபாத்தில் இருந்த ஒரு கிளப். 1963-ல் போலீஸ் உள்ளே புகுந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1967 நவம்பரில் தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி ஹிதாயத்துல்லா. மூணு சீட்டு வெறும் அதிர்ஷ்டம். ரம்மி அப்படியல்ல, எந்தச் சீட்டு விழுந்தது என்று ஞாபகம் வைக்க வேண்டும், எதை வைப்பது எதைப் போடுவது என்று யோசிக்க வேண்டும், ஆகவே அது பெரும்பாலும் திறமை ஆட்டம் என்றார். அன்றிலிருந்து இன்றுவரை ரம்மி கிளப் நடத்துகிறவர்கள் பிடித்துக்கொண்டிருப்பது இந்த வரியைத்தான்.

அதே தீர்ப்பில் இன்னொரு வரியும் இருக்கிறது. பணம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்தே கிளப்காரர் லாபம் பார்க்கிறார் என்று நிரூபித்தால் அது குற்றமாகலாம் என்பது அதன் சாரம். முதல் வரியை எல்லோரும் மனப்பாடம் செய்தார்கள். இரண்டாவது வரியை வசதியாக மறந்துவிட்டார்கள்.

அந்த இரண்டாவது வரியின் கனம் என்ன என்று ஒரு கணக்குப் போடுவோம். ஒரு மேஜையில் ஆறு பேர், ஆளுக்கு 1,000. மொத்தம் 6,000. ஒரு ஆட்டத்துக்குச் சேரும் பணம் 300, அதில் நடத்துகிறவருக்கு ஐந்து சதவீதம் என்று வையுங்கள். வெறும் 15 ரூபாய்! யாருக்கும் வலிக்காது. நூறு ஆட்டம் முடிந்தால் 1,500 ரூபாய், மேஜையில் இருந்ததில் கால் பங்கு, மாயம். நானூறு ஆட்டம் ஆடினால் 6,000-மும் நடத்துகிறவர் கல்லாவில். நடுவில் அவரவர் பர்ஸைத் தொடாமல் இருந்தால் ஆட்டம் அத்தோடு நின்றுபோகும். நிற்பதில்லை என்றால் அர்த்தம், பர்ஸ் திறக்கிறது.

கிளப் மேஜையில் நானூறு ஆட்டத்துக்குப் பல ராத்திரிகள் ஆகும். செல்போனில்? சீட்டுக் கலைக்கும் நேரம்கூட மிச்சம். ஆன்லைன் ரம்மி வந்த பிறகு கடனாளி ஆனவர்கள், உயிரை விட்டவர்கள் பற்றிய செய்திகள் தமிழ்நாட்டை உலுக்கியது இப்படித்தான்.

அரசாங்கம் 2020 நவம்பரில் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 2021-ல் அது சட்டமானது. அதே வருஷம் ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழு அறிக்கைக்குப் பிறகு 2022-ல் புதிய மசோதா. கவர்னர் திருப்பி அனுப்ப, சட்டசபை மறுபடி நிறைவேற்ற, 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அந்தச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் சேர்த்திருந்தது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, அந்த இரண்டுக்கும் மட்டும் தடை பொருந்தாது என்றது. குஜராத் உயர் நீதிமன்றமோ 2017-லேயே போக்கர் சூதாட்டம்தான் என்று சொல்லிவிட்டது. ஒரே சீட்டுக்கட்டு, ஊருக்கு ஒரு நியாயம்!

அத்தனை பேரும் கேட்டது 'திறமையா, அதிர்ஷ்டமா?' என்ற பழைய கேள்வியைத்தான். 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையம் கொண்டுவந்த விதிகளில் முதல்முறையாக நம்முடைய கேள்வி எட்டிப் பார்த்தது. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக் கூடாது. அதோடு, ஒரு நாளைக்கு, ஒரு வாரத்துக்கு, ஒரு மாதத்துக்கு எவ்வளவு என்று ஆடுகிறவரே முன்கூட்டி வரம்பு வைக்க வேண்டும். அந்த ஜூனில் உயர் நீதிமன்றமும் விதிகளை ஏற்றது. இரண்டே மாதத்தில், 2025 ஆகஸ்டில், நாடாளுமன்றம் வேறு வழியில் போய்விட்டது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவாக இருந்தாலும் தடை என்று ஒரு சட்டம்.

தடை நிலைக்குமா, வழக்கு என்ன ஆகும் என்பது வக்கீல்கள் பாடு. 'எவ்வளவு?' என்ற கேள்விக்கு ஒரு நேர்மையான பதில் 1956-லேயே கிடைத்துவிட்டது. சொன்னவர் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஜான் கெல்லி. சமபந்தயத்தில் உங்களுக்கு ஜெயிக்க நூற்றுக்கு 60 வாய்ப்பு இருக்கிறதா? கையில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் வையுங்கள் என்கிறது அவர் சூத்திரம். 'அறுபது இருக்கே, எல்லாத்தையும் வெச்சா என்ன?' வைத்துப் பாருங்கள். நூறு பேர் அப்படி ஐந்து தடவை வைத்தால், சுமார் எட்டு பேர்தான் மிஞ்சுவார்கள். 92 பேர் தெருவில். அதுவும் ஆட்டம் அவர்களுக்குச் சாதகமாக இருக்கும்போதே!

சரி, சாதகம் அறுபது இல்லை, ஐம்பதுதான் என்றால்? அதிலும் கமிஷன் வேறு போகிறது என்றால்? அதே சூத்திரத்தில் போட்டால் விடை வருகிறது: பூஜ்யம். குறைவாக வை என்றுகூட இல்லை. வைக்காதே!

திருக்குறளில் 'சூது' என்று ஓர் அதிகாரமே உண்டு. 94-வது. அதில் வள்ளுவர் ஒரு ரூபாய் வரவுக்கு நூறு ரூபாய் செலவு என்கிற மாதிரி ஒரு கணக்குச் சொல்கிறார். இழக்க இழக்கத்தான் ஆசை கூடும் என்றும் சொல்லி முடிக்கிறார். கெல்லிக்கு அந்த விடையைப் பிடிக்க ஒரு சூத்திரம் வேண்டியிருந்தது. மாசக் கடைசியில் 'விட்டதைப் பிடிக்கலாம்' என்று போனைக் கையில் எடுப்பவருக்கோ நீதிபதியும் வேண்டாம், சூத்திரமும் வேண்டாம். தர்மர் ஒரு மாலையில்தான் ஆரம்பித்தார் என்பது ஞாபகம் வந்தால் போதும்.