அம்மாச்சியின் நெகட்டிவில் பென்சில் கோடுகள்

மூணு மாசமா நான் ஸ்கின் ரீடச்சிங் கத்துக்கிட்டு இருக்கேன். ஹீலிங் பிரஷ், டாட்ஜ் அண்ட் பர்ன், அப்புறம் எல்லாரும் பெருமையா பேசுற ஃப்ரீக்வென்சி செபரேஷன். அதாவது படத்தை ரெண்டு லேயராகப் பிரித்து, தோலின் நுண்ணிய அமைப்பை ஒன்றிலும், நிறத்தையும் நிழலையும் இன்னொன்றிலும் வைத்து வேலை பார்ப்பது. பழகிப் பார்க்க வீட்டிலிருந்த அம்மாச்சியின் கறுப்பு வெள்ளைப் படத்தை ஸ்கேன் செய்தேன். 1960களில், கல்யாணமான புதுசில், மதுரையில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. ஜூம் பண்ணிப் பார்த்தால் எனக்கு அங்கே வேலையே இல்லை. முகம் அவ்வளவு வழவழப்பு.

பின்னாலிருந்து அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மாச்சிக்கு முகம் பூரா அம்மைத் தழும்புடா. நீ பார்த்ததில்ல" என்றார்.

அப்போ அதை யார் அழிச்சது? போட்டோஷாப்பின் முதல் பதிப்பு வந்ததே 1990இல். ஹீலிங் பிரஷ் 2002இல்தான். இந்தக் கேள்வியோடு தேட ஆரம்பித்ததுதான் இன்றைய எபிசோட்.

கதை கண்ணாடித் தகட்டில் தொடங்குகிறது. 1851இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட வெட் கொலோடியன் முறையில், கண்ணாடி மேல் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுக்க வேண்டும். அந்தத் தகட்டுக்கு ஒரு வினோதமான குறை இருந்தது. நீல வெளிச்சம் நல்லா தெரியும், சிவப்பு கிட்டத்தட்ட தெரியவே தெரியாது. இதை ஒரு முகத்தில் வைத்து யோசிங்க. லேசாகச் சிவந்த பரு, கன்னத்துப் பழுப்புப் புள்ளி எல்லாம் படத்தில் கரும்புள்ளியாக விழும். நம்ம ஊர் மாநிறம் இருப்பதைவிடக் கறுப்பாகத் தெரியும். காசு கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டவர் "இது நான் இல்லையே" என்று சண்டை போட்டிருந்தால் அதில் நியாயம் இருந்திருக்கும். கேமராதான் பொய் சொன்னது.

அதைத் திருத்த வந்தது பென்சில். மியூனிக் நகரத்து ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டாங்கல், 1855 பாரிஸ் கண்காட்சியில் ரீடச் செய்த நெகட்டிவையும், செய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த பிரதிகளையும் வைத்துக் கூட்டத்தை அசத்தினார் என்று புகைப்பட வரலாறுகள் வழக்கமாகச் சொல்கின்றன.

வேலை எப்படி நடக்கும்? எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். நெகட்டிவில் எல்லாமே தலைகீழ். முகத்தில் கருப்பாக இருப்பது அங்கே வெளிறித் தெரியும். ஆக, ஒரு கரும்புள்ளியை மறைக்க நெகட்டிவில் இருக்கும் அந்த வெளிறிய இடத்தைப் பென்சிலால் நிரப்பினால் போதும். ஆனால் வழுக்கும் பரப்பில் பென்சில் பிடிக்காதே? அதற்காக டர்பன்டைனில் பிசின் கரைத்த ஒரு மருந்தை லேசாகத் தேய்ப்பார்கள். சாய்வான மேசை, நடுவில் தேய்த்த கண்ணாடி, கீழிருந்து வெளிச்சத்தை மேலே அனுப்ப ஒரு முகக்கண்ணாடி. உப்புத்தாளில் ஊசி மாதிரி சீவிய பென்சிலை வைத்து, அழுத்தாமல், காற்புள்ளி காற்புள்ளியாக இழுக்க வேண்டும். கை கொஞ்சம் அழுத்தினாலும் பிரதியில் வெள்ளைத் திட்டு. எதிர்த்திசை வேலைக்குக் கத்தி: சுரண்டினால் அந்த இடம் பிரதியில் கருக்கும். நான் கன்ட்ரோல் இசட் அடித்தே கட்டைவிரல் தேய்ந்தவன், இதைப் படித்தபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

தகட்டின் குறை அப்படியே இருந்துவிடவில்லை. 1873இல் ஹெர்மன் ஃபோகல் சாயம் சேர்த்தால் பச்சையும் மஞ்சளும் பதியும் என்று கண்டுபிடித்தார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிவப்பையும் பார்க்கும் பான்குரோமாட்டிக் தகடுகள் கடைக்கு வந்தன. கேமரா பொய் சொல்வது குறைந்துவிட்டது. பென்சிலையும் கீழே வைத்திருக்கணும் இல்லையா? வைக்கவில்லை. 1930களின் ஹாலிவுட்டில் ஜார்ஜ் ஹரல் எடுத்த ஜோன் கிராஃபோர்ட் படங்களைத் தேடிப் பாருங்க. ரீடச்சுக்கு முந்தைய பிரதியில் முகம் நிறையப் புள்ளிகள், பிந்தையதில் பளிங்கு. முதல் முகம்தான் எனக்கு அழகு. ஆனால் போஸ்டரில் வந்தது ரெண்டாவது.

அம்மாச்சி விஷயத்துக்கு வருவோம். அந்த ஸ்டுடியோ மூடியபோது நெகட்டிவையும் கவரில் போட்டுக் கொடுத்திருக்காங்க. டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தால் ஒன்றுமில்லை. கொஞ்சம் சாய்த்ததும் கன்னத்தில் கிராஃபைட் பளபளத்தது. நூற்றுக்கணக்கான குட்டிக் கோடுகள்.

டர்பன்டைன் நனைத்த பஞ்சால் துடைத்தால் அந்தப் பூச்சு கரைந்துவிடும், கோடுகளும் போய்விடும். அம்மாச்சியின் நிஜ முகம் திரும்பும். வேற எந்தப் படத்திலும் அது இல்லை. சின்ன அம்மாச்சியிடம் போனில் கேட்டேன். "துடைச்சிரு சாமி, எங்க அக்கா மொகத்த ஒருக்கா பாக்கணும்" என்றார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "அவங்களே கேட்டுப் பண்ணிக்கிட்டதா இருந்தா? நீ யாரு அதை அழிக்க?" அவங்க கேட்டாங்களா, டச்சிங் பண்ணினவரே முடிவெடுத்தாரா, சொல்ல இப்போ ஆள் இல்லை.

நான் துடைக்கவில்லை. பக்கவாட்டில் விளக்கு வைத்து நெகட்டிவைப் படம் எடுத்தேன். கோடு விழுந்த ஒவ்வொரு இடமும் ஒரு தழும்பு இருந்த இடம்தானே. இடது கன்னத்தில் மட்டும் நாற்பதுக்கு மேல் எண்ணினேன். அம்மா ஸ்க்ரீனில் பார்க்காமலேயே, "மூக்குக்குப் பக்கத்துல ஒண்ணு பெருசா இருக்கும் பாரு" என்றார். பார்த்தேன். அங்கே பென்சில் நாலஞ்சு தடவை போய் வந்திருந்தது.