மரண தண்டனையும் கத்தோலிக்கத் திருஅவையும்

மரண தண்டனையை ஏற்க இயலாது என்பது கத்தோலிக்கத் திருஅவையின் இன்றைய போதனை. மறைக்கல்வி நூலின் 2267ஆம் பத்தியைத் திருத்தந்தை பிரான்சிஸ் திருத்தியதாக 2018 ஆகஸ்டு 2 அன்று வத்திக்கான் அறிவித்தது. அதற்கு முன் பல நூற்றாண்டுகளாக, கொடுங்குற்றவாளியின் உயிரை எடுக்க அரசுக்கு உரிமை உண்டென்றே திருஅவை கற்பித்து வந்தது.

விவிலியத்தில் இரு தரப்பும் தத்தமக்குச் சான்று காண்கின்றன. கொலைக்கு உயிரே ஈடு என்கிறது தொடக்க நூலின் 9ஆம் அதிகாரம். ஆள்வோர் கையில் வாள் இருப்பதை உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் பவுல் ஏற்கிறார். யோவான் நற்செய்தியிலோ, விபச்சாரத்தில் பிடிபட்ட பெண்ணைக் கல்லெறிந்து கொல்ல வந்தவர்களை இயேசு கலைந்துபோகச் செய்கிறார். அவரே அரசின் தீர்ப்பால் சிலுவையில் கொல்லப்பட்டவர் என்பதை இந்த விவாதத்தில் எவரும் ஒதுக்கிவிட முடியாது.

5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குரு ஒருவரைக் கொன்ற, திருஅவையிலிருந்து பிரிந்திருந்த தொனாத்திஸ்துப் பிரிவினருக்கும் மரண தண்டனை வேண்டாமென்று புனித அகுஸ்தீன் உரோமை அதிகாரி மார்செல்லினுசுக்குக் கடிதம் எழுதினார். ஆனால் அரசின் உரிமையை அவர் மறுக்கவில்லை. 13ஆம் நூற்றாண்டில் தோமா அக்குவினா, உடலைக் காக்க அழுகிய உறுப்பை வெட்டுவதுபோலச் சமூகத்தைக் காக்கக் குற்றவாளியைக் கொல்லலாம் என வாதிட்டார். நெடுங்காலம் நிலைத்தது இந்த வாதமே.

திருத்தந்தையர் அரசர்களாகவும் இருந்த காலத்தில் இந்தப் போதனை கொலைக்களத்தில் நடைமுறையாயிற்று. ஜொவான்னி பத்திஸ்தா புகாத்தி 1796 முதல் 1864 வரை அவர்களது அரசின் கொலைத்தண்டனை நிறைவேற்றுநராக இருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றார். அவர் தைபர் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் அன்று தண்டனை உண்டென உரோமை மக்கள் அறிந்துகொள்வார்கள். 1929இல் உருவான வத்திக்கான் நகர அரசும் திருத்தந்தையைக் கொல்ல முயல்வோருக்கு மரண தண்டனை வைத்திருந்தது. அங்கே எவருக்கும் அது நிறைவேற்றப்படவில்லை. திருத்தந்தை ஆறாம் பவுல் 1969இல் அதை நீக்கினார்.

திருப்பத்துக்கு வித்திட்டவர் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல். 1981இல் தம்மைச் சுட்டவனை 1983இல் சிறையிலேயே சந்தித்தவர் அவர். இத்தண்டனை இன்றியமையாததாகும் சூழல் இன்று அநேகமாக இல்லை என 1995ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் எழுதினார். 1999 ஜனவரியில் அவர் நேரில் வேண்டியதை ஏற்று, அமெரிக்காவின் மிசூரி மாநில ஆளுநர் ஒரு கைதியின் மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். அந்த ஆளுநர் பாப்திஸ்து சபையைச் சேர்ந்தவர்.

பிற சபைகள் ஒரே குரலில் பேசுவதில்லை. குவேக்கர்கள் நெடுங்கால எதிர்ப்பாளர்கள். அமெரிக்கத் தென்பகுதிப் பாப்திஸ்துகளோ 2000இல் ஆதரவுத் தீர்மானம் நிறைவேற்றினர். கத்தோலிக்கருக்குள்ளும் சில இறையியலாளர்கள், பழைய போதனைக்கு 2018ஆம் ஆண்டுத் திருத்தம் முரணானது என்கின்றனர். முரண் இருப்பது உண்மையே. குற்றவாளியும் இறைவனின் சாயல் என்பதைத் திருஅவை முழுமையாக உணரத் தாமதித்ததன் விளைவு அது.

2024 டிசம்பரில் அமெரிக்க மரண தண்டனைக் கைதிகளுக்காகப் பிரான்சிஸ் வெளிப்படையாக மன்றாடினார். அதே மாதம் 23ஆம் நாள், கத்தோலிக்கரான அதிபர் ஜோ பைடன், கூட்டரசின் மரண தண்டனைக் கைதிகள் 40 பேரில் 37 பேரின் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்.