சாய்க்: ஒரு தீவுப் பறவையின் பெயரும் அதன் வரலாறும்

வரலாற்று மூலங்கள் என்றதும் கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியுமே நம் நினைவுக்கு வருகின்றன. இடப்பெயர்களுக்கும் நம் ஆய்வாளர் ஓரளவு இடமளித்துள்ளனர். ஆயின் ஒரு பறவையின் பெயரை மூலமாகக் கொள்வோர் அரியர். நியூசிலாந்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 800 கிலோமீற்றர் தொலைவிலுள்ள சதாம் தீவுகளில் வழங்கிய ‘சாய்க்’ என்னும் பெயர், இவ்வகை மூலத்தின் பெறுமதியை உணர்த்த வல்லது.

1867 யூலை 22ஆந் திகதி, உலகைச் சுற்றிவந்த ‘மகென்ரா’ என்ற இத்தாலியப் போர்க்கப்பல் தென் பசிபிக்கின் நடுக்கடலிற் சென்றுகொண்டிருந்தபோது கடற்பறவையொன்று பிடிபட்டது. கப்பலிற் பயணஞ்செய்த ஜிலியோலியும், ரூரின் நகர அரும்பொருட்சாலையைச் சேர்ந்த சல்வதோரியும் 1869இல் அதனைப் புதிய இனமெனக் கண்டு, கப்பலின் பெயரையே அதற்குச் சூட்டினர். கப்பலின் பெயரோ 1859இல் வட இத்தாலியில் நடந்த போரொன்றின் நினைவாக வந்ததாகும். இவ்வாறு, கருஞ்சாம்பல் நிறத் தலையும் வெண்ணிற வயிறும் கொண்ட இப்பறவை, தான் ஒருபோதும் கண்டிராத ஐரோப்பியப் போர்க்களத்தின் பெயரைச் சுமக்கலாயிற்று. அதன்பின் நூறாண்டுக்கு மேலாக அறிஞர் எவரும் அதனை உயிரோடு கையிற் கொண்டதில்லை. அது எந்நிலத்தில் முட்டையிடுகிறது என்பதும் புதிராகவே இருந்தது.

அப்புதிருக்கான விடை சதாம் தீவின் தென்பகுதிக் காடுகளில் இருந்தது. அத்தீவுகளை ‘ரேக்கொகு’ என அழைத்த மொரியோரி மக்கள் அப்பறவையை ‘சாய்க்’ என்றனர். ஆண்டின் பெரும்பகுதியைக் கடலிற் கழித்து, இனப்பெருக்கத்துக்கு மட்டும் இரவில் தரைக்கு வந்து, மண்ணிற் குடைந்த வளையில் ஒரேயொரு முட்டையிடும் பறவை அது. அதன் எலும்புகள் பழைய குடியிருப்புகளின் கழிவுமேடுகளில் மிகுதியாகக் கிடைத்துள்ளன. அது அம்மக்களின் உணவாயிருந்தது என்பதில் ஐயமில்லை.

பெயரின் வடிவமும் ஆராயத்தக்கது. மாவோரி மொழியில் இதற்கு நேரான சொல் ‘தாய்கோ’ என்பது. நியூசிலாந்துப் பெருநிலத்தில் அது வேறு சில கடற்பறவைகளைக் குறிக்கும். தகரம் சகரமாகி ஈற்றுயிர் கெட, தாய்கோ ‘சாய்க்’ ஆயிற்று. மக்களைக் குறிக்கும் ‘தங்காத்தா’ என்ற மாவோரிச் சொல்லுக்கு நேராக மொரியோரியில் ‘சக்கத்’ என்பது வழங்குவதும் இம்மாற்றம் தற்செயலன்று என்பதைக் காட்டும். ‘ஐந்து’ என்பதை ‘அஞ்சு’ என்னும் நமக்கு இது வியப்பாகாது. பொதுமூலத்தினின்று பிரிந்த மக்கட்கூட்டம் பல தலைமுறை தனித்து வாழ்ந்தமைக்கு இச்சிறு சொல் சான்றாகின்றது.

அத்தனிமை நீடிக்கவில்லை. 1791இல் புரோட்டன் தலைமையிலான ‘சதாம்’ என்ற பிரித்தானியக் கப்பல் தீவை அடைந்தது. தீவுகளுக்கு அதன் பெயரே நிலைத்தது. 1835இல் நியூசிலாந்திலிருந்து வந்த இரு மாவோரிக் குலத்தார் தீவைக் கைப்பற்றினர். நுனுக்கு என்ற மூதாதையின் கட்டளைப்படி கொலையை விலக்கி வாழ்ந்த மொரியோரி மக்கள், கூடி ஆராய்ந்து, எதிர்த்துப் போரிடுவதில்லை எனத் துணிந்தனர். பலர் கொல்லப்பட்டனர், எஞ்சியோர் அடிமைகளாயினர். 1835இல் 1,600க்கு மேற்பட்டிருந்தோர், 1862இல் 101 பேராகக் குறைந்தனர். மொழியும் பேச்சுவழக்கிழந்தது. வென்றோரின் ‘தாய்கோ’ பொதுவழக்காக, ‘சாய்க்’ அருகிய சொல்லாயிற்று. பெயரின் இந்த வீழ்ச்சியும் அக்கைப்பற்றலின் ஒரு பகுதியே என்பது என் துணிபு.

எனினும் தீவில் தாய்கோ என்றொரு பறவை உண்டு என்னும் நினைவு அழியவில்லை. கப்பலிற் பிடிபட்ட பறவையும் கழிவுமேட்டு எலும்புக்குரிய பறவையும் ஒன்றாயிருக்கலாம் என்ற கருத்து 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வலுப்பெற்றது. டேவிட் குறொக்கெற் என்பவர் தம் குழுவினருடன் பலமுறை தீவுக்குச் சென்று, இரவில் ஒளிவிளக்குகளைப் பாய்ச்சித் தேடினார். 1978 சனவரி முதலாந் திகதி இரு பறவைகள் பிடிபட்டன. வளைகள் கண்டறியப்பட மேலும் ஒன்பதாண்டு சென்றது. ரூரினிற் பாடம் செய்து வைக்கப்பட்ட ஒற்றை உடலுக்குத் தாயகம் எது என்பதை, அறிஞர் ஏடன்று, தீவார் வழக்கே காத்து வைத்திருந்தது.

காடழிப்பும், பூனை, எலி, பன்றி ஆகியனவும் இப்பறவையை அழிவின் விளிம்புக்குத் தள்ளின. 1983இல் தீவுக் குடும்பமொன்று தன் காட்டு நிலத்தைக் காப்பிடமாக வழங்கியது. 2007 முதல், விலங்குகள் புகாத வேலியிட்ட நிலமொன்றுக்குக் குஞ்சுகள் கொண்டுசெல்லப்பட்டன. இன்றும் இவ்வினம் சில நூறு பறவைகளுக்கு மேற்பட்டதன்று.

மொரியோரி வழித்தோன்றல்களுடனான உடன்பாட்டை நியூசிலாந்துப் பாராளுமன்றம் 2021இற் சட்டமாக்கியது. காப்புத் துறையின் ஏடுகளில் இப்போது தாய்கோவுக்கு அருகே ‘சாய்க்’ என்பதும் எழுதப்படுகின்றது. விஞ்ஞானப் பெயரில் மட்டும் மகென்ராவே நிற்கின்றது.