இடப்பக்கம் ஒட்டிய ஸ்டிக்கர்

டயர் கடைக்காரருக்கு என் மேல் எந்தக் கோபமும் இல்லை. அவருடைய கம்ப்யூட்டருக்குத்தான் என்னைப் பிடிக்கவில்லை.

2017 அக்டோபர். கோவென்ட்ரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என்னை ஐந்து மாத ப்ராஜெக்ட்டுக்காக மியூனிக் அனுப்பியிருந்தார்கள். மனைவி, நான்கு வயது மகள், பிரிட்டிஷ் நம்பர் பிளேட் மாட்டிய பழைய ஸ்கோடா ஆக்டேவியா என்று குடும்பமாகக் கடல் தாண்டி வந்திருந்தோம். அலுவலகத்தில் முதல் வாரமே எல்லாரும் கேட்டது, குளிர்கால டயர் போட்டாச்சா என்றுதான். ஜெர்மன்காரர்கள் இதற்கு 'ஓவிலிருந்து ஓ வரை' என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அக்டோபரில் மாட்டி, ஓஸ்டர்ன் எனப்படும் ஈஸ்டரில் கழற்றுவது. இங்கிலாந்தில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. வாங்கும்போது வந்த கோடைக்கால டயரிலேயே வருடம் முழுக்க ஓட்டிக்கொண்டிருந்தேன். அதற்குக் கோடைக்கால டயர் என்று பெயர் இருப்பதே இங்கே வந்துதான் தெரிந்தது.

கடைக்காரர் வண்டியின் பதிவுச் சான்றிதழைக் கேட்டார். ஜெர்மன் சான்றிதழில் தயாரிப்பாளருக்கு நான்கு இலக்கக் குறியீடு ஒன்று, மாடலுக்கு இன்னொரு குறியீடு. இரண்டையும் தட்டினால் அந்த வண்டிக்கு எந்த டயர் என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். என் பிரிட்டிஷ் புத்தகத்தில் அவை இல்லை. மூன்று முறை புரட்டிப் பார்த்தார். சிவப்பு நட்சத்திரம் போட்ட இரண்டு கட்டங்கள், நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. அப்படிப்பட்ட கட்டங்களை எத்தனை முறை நானே எழுதியிருக்கிறேன், எவரெவர் எந்த ஊர் கவுன்ட்டரில் அவற்றின் முன்னால் நின்றார்களோ.

"சரி, வாங்க, வண்டியையே கேட்போம்" என்று வெளியே வந்து டயர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். 195/65 R 15. அகலம் 195 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம். R என்றால் ரேடியல், மிஷ்லின் நிறுவனம் 1946இல் காப்புரிமை பெற்ற அமைப்பு. 15 என்பது ரிம்மின் விட்டம், அது மட்டும் அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம். யாராவது இப்படி ஒரு டேட்டா ஃபார்மட்டை எழுதிக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். ஆனால் எந்த நாட்டுப் பதிவெண்ணும் இல்லாமல் உலகம் முழுக்கப் புரிவது இந்த ஒரு வரிதான்.

வெளிநாட்டு வண்டிக்கு விலக்கு உண்டா என்று, உண்மையைச் சொல்வதென்றால், நான் முதலில் தேடிப் பார்த்தது அதைத்தான். கிடையாது. இந்த விதி ஜெர்மனியின் சாலை நடத்தைச் சட்டத்தில் இருக்கிறது. சாலையில் யார் ஓட்டினாலும் பொருந்தும். சிவப்பு விளக்கு பிரிட்டிஷ் வண்டிக்கு மட்டும் பச்சையாகத் தெரியாது அல்லவா? தேதியும் கிடையாது. பனியோ, உறைபனியோ, சேறுபோல் இளகிய பனியோ சாலையில் இருந்தால் அதற்கான டயர் வேண்டும், அவ்வளவுதான்.

'அதற்கான டயர்' எது என்பதில்தான் ஒரு பதினோரு வருடக் கதை இருக்கிறது. 2006இல் விதியைக் கொண்டுவந்தபோது, வானிலைக்குத் 'தகுந்த டயர்கள்' என்று மட்டும் எழுதினார்கள். தகுந்தது எது என்று எங்கும் எழுதவில்லை. ஃபங்ஷனைக் கூப்பிட்டுவிட்டு அதை எழுத மறந்த கதை. 2010 ஜூலையில் ஓல்டன்புர்க் உயர் நீதிமன்றம், இவ்வளவு மங்கலான சொல்லை வைத்து யாருக்கும் அபராதம் போட முடியாது, இது அரசியல் சட்டத்துக்கே ஒத்துவராது என்றது. அடுத்த குளிர்காலம் வாசலில் நின்றது. டிசம்பரில் அவசரமாகத் திருத்தினார்கள்: எம்-பிளஸ்-எஸ் முத்திரை இருக்க வேண்டும். சேறும் பனியும் என்று பொருள். சிக்கல் என்னவென்றால், அந்த முத்திரையைக் குத்த எந்தப் பரிசோதனையும் தேவையில்லை. தயாரிப்பவரே எழுதிக்கொள்ளலாம். மூன்று சிகரங்கள் கொண்ட மலைக்குள் ஒரு பனிப்பூ வரைந்த முத்திரை வேறு ஒன்று உண்டு. 1999இல் அமெரிக்க, கனடா டயர் துறையினர் கொண்டுவந்தது. பனியில் ஓட்டி, ஒரு தரநிலை டயரோடு ஒப்பிட்டுத் தேறினால்தான் கிடைக்கும். 2018 ஜனவரி 1 முதல் தயாராகும் டயருக்கு இந்த மலை கட்டாயம், பழைய எம்-பிளஸ்-எஸ் டயர்களை 2024 செப்டம்பர் வரை ஓட்டலாம் என்று 2017இல் மாற்றினார்கள்.

நான் கடையில் நின்றது சரியாக அந்த இடுக்கில். மலை இல்லாத ஒரு செட் மலிவாக இருந்தது. சட்டப்படி அதுவும் செல்லும். ஊருக்கு போன் போட்டேன்.

"இருக்கிற நாலு டயரும் நல்லாத்தானே இருக்கு? ஓடாத டயரைக் கழட்டிட்டு வேற டயரா?" என்றார் அப்பா. டயரை ரீட்ரெட் செய்து ரீட்ரெட் செய்து நூல் தெரியும்வரை லாரி ஓட்டியவர். அவருக்கு எப்படி விளக்குவது? யோசித்துவிட்டு, மலை போட்ட செட்டுக்கே சொன்னேன், 340 யூரோ. மூன்று வாரம் கழித்துத்தான் மாட்டித் தருவார்கள். ஊரே வரிசையில் நின்றது.

அந்த மூன்று வாரத்துக்குள் ஒரு நாள் காலை பனி விழுந்தது. அதிகமில்லை, ஒரு விரல் கனம். நகருக்குத் தெற்கே ஒரு கிராமத்துச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தேன், நடக்கிற வேகத்தில். பின் சீட்டில் மகள். கீழே குறுக்குச் சாலை. பிரேக்கை மிதித்தேன். காலடியில் ஏபிஎஸ் கடகடவென்று அதிர்ந்தது, வண்டி நிற்கவில்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பினேன், சக்கரம் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. "அப்பா, வண்டி தானா போகுது" என்றாள், சந்தோஷமாக. குறுக்குச் சாலைக்குள் பாதி நுழைந்து நின்றது. அந்த நேரத்தில் அங்கே யாரும் வரவில்லை. நாங்கள் தப்பியதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

அன்று இரவு தூக்கம் வராமல் படித்ததுதான் மீதிக் கதை. உலகின் முதல் குளிர்கால டயர் 1934இல் பின்லாந்தில், நோக்கியா என்ற சிற்றூரில் இருந்த ரப்பர் ஆலையில் பிறந்தது. ஆமாம், நம் கைபேசியின் அதே நோக்கியா. பெயர் கெலிரெங்காஸ், 'வானிலை டயர்' என்று சொல்லலாம். லாரிக்கானது. வழவழப்பாக உருள்வதற்குப் பதில், பனியைக் கடித்து ஏறக் குறுக்கே தடித்த வரப்புகள். 1936இல் காருக்கு வந்தது ஹக்கபெலீட்டா. முப்பதாண்டுப் போரில் ஸ்வீடன் மன்னரின் படையில் இருந்த பின்லாந்துக் குதிரை வீரர்களின் பெயர் அது. 'வெட்டித் தள்ளு' என்ற அவர்களுடைய போர்க்கூச்சலிலிருந்து வந்தது. 1632இல் அந்த மன்னரின் படை மியூனிக் நகருக்குள்ளேயே வந்திருக்கிறது, நம்பர் பிளேட் பிரச்சினை எதுவும் இல்லாமல்.

வரப்பு பாதிதான். மீதி ரப்பரில் இருக்கிறது. கோடை டயரின் கலவை குளிரில் இறுகிவிடும். ஏழு டிகிரிக்குக் கீழே என்று எல்லாக் கடையிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஏழில் ஒரு கோடு கிழித்ததுபோல் எதுவும் மாறுவதில்லை, மெல்ல மெல்லத்தான் இறுகும். இறுகினால் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் பதியாது. மரத்துப் பாலில் வரும் இயற்கை ரப்பரோ மைனஸ் 70 டிகிரி வாக்கில்தான் கண்ணாடிபோல் விறைக்கிறது. அதனால் குளிர்கால டயரில் அதன் பங்கு முக்கியம். பனியையே பார்க்காத மரத்தின் பால்! அந்த டயர் பிறந்த காலத்தில் உலகின் இயற்கை ரப்பரில் பெரும்பங்கு மலாயாவிலிருந்து வந்தது. அங்கே தோட்டங்களில் விடியலுக்கு முன் எழுந்து மரம் சீவியவர்களில் பெருந்தொகையினர் நம் ஊர்களிலிருந்து கப்பலேறிப் போனவர்கள். அப்பாவிடம் சொல்ல ஒரு பதில் கிடைத்துவிட்டது என்று தோன்றியது. ஆனால் மறுநாள் அந்தச் சரிவைப் பற்றிச் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மாட்டிடு, காசு போனாப் போகுது" என்றார். மலாயாவுக்குத் தேவையே வரவில்லை.

டயர் மாட்டும் நாளில் கடைக்காரர் கம்ப்யூட்டருக்கும் வழி கண்டுபிடித்திருந்தார். அதே வருடத்து ஜெர்மன் ஆக்டேவியா ஒன்றின் குறியீட்டைத் தட்டி, பதிவெண் மட்டும் என்னுடையதைப் போட்டுவிட்டார். கடைசியாக ஒரு சின்ன ஸ்டிக்கர். புது டயர்கள் 190 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும், வண்டி அதற்கு மேலும் ஓடக்கூடியது என்பதால், ஓட்டுநர் கண்ணில் படும்படி அந்த எண்ணை ஒட்ட வேண்டும் என்று இன்னொரு விதி. பழக்க தோஷத்தில் இடப்பக்கக் கதவைத் திறந்து ஸ்டீயரிங் இருக்க வேண்டிய இடத்துக்கு நேரே ஒட்டினார். ஒட்டிய பிறகுதான் எதிரே ஸ்டீயரிங் இல்லாததைப் பார்த்தார். இருவரும் சிரித்தோம். பிய்த்தால் பசை தங்கிவிடும், இருக்கட்டும் என்றேன்.

மார்ச் வரை என் மனைவியின் கண்ணெதிரே 190 இருந்தது. என் முன்னால் இருந்த ஸ்பீடோமீட்டர் மைலில் காட்டிக்கொண்டிருந்தது.