அடைபட்ட கதவுகளும் கோவாவின் மைந்தரும்

கோவா என்றதும் நம் மக்களின் நினைவுக்கு வருவது பழைய கோவாவின் போம் யேசு பேராலயமும், அங்கு வைக்கப்பட்டிருக்கும் புனித பிரான்சிஸ் சவேரியாரின் திருவுடலுமே. சவேரியாரோ நவார் நாட்டில் பிறந்து நம் நாட்டிற்கு வந்தவர். கோவா மண்ணிலேயே பிறந்து புகழ் எய்தியோர் யாவர் என்று வினவுவோர் மிகச் சிலரே. 3,702 சதுர கிலோமீட்டர் பரப்பே உடைய அச்சிறு நிலம் ஈன்றெடுத்த மைந்தருள் சிலரை இங்கு நினைவுகூர விழைகிறோம்.

1510 முதல் 1961 வரை கோவா போர்த்துக்கீசியர் ஆட்சியில் இருந்தது. திருமுழுக்கில் அனைவரும் ஒன்றே எனப் போதித்த அவ்வாட்சியில், பீடத்தருகே மட்டும் நிறம் குறுக்கே நின்றது. மண்ணின் மைந்தர் குருக்களாகலாம். ஆனால் துறவற சபைகளின் கதவுகளும் உயர் பதவிகளும் அவர்களுக்குப் பெரும்பாலும் அடைபட்டே கிடந்தன. மத்தேயுஸ் தெ காஸ்த்ரோ என்பாருக்குக் குருப்பட்டமே கோவாவில் மறுக்கப்பட்டது. அவர் உரோமைக்குச் சென்று பயின்று, அங்கேயே குருவானார். 1637-இல் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பெற்றுப் பிஜப்பூர் பகுதிக்குத் திருத்தந்தையின் பதிலாளராக நியமிக்கப்பட்டார். தாய்மண் தர மறுத்ததைத் தலைமைத் திருச்சபை தந்தது.

வேறு சிலர், திறவாத கதவைத் தட்டிக்கொண்டிராமல் தமக்கென ஓர் இல்லம் அமைத்தனர். பழைய கோவாவில் இந்தியக் குருக்களே நிறுவிய 'ஒரட்டோரியன்' சபை அது. 1651-இல் பெனவுலிமில் பிறந்த யோசேப் வாஸ் 1685-இல் அதில் சேர்ந்து தலைவரானார். அந்நாளில் இலங்கையின் கரையோரங்களை ஆண்ட ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களை விரட்டிவிட்டிருந்தனர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் திருப்பலியின்றித் தவித்த அம்மக்களைத் தேடி, தூத்துக்குடி வழியாக, ஏழைக் கூலியாளின் கோலத்தில், 1687-இல் அவர் யாழ்ப்பாணம் சேர்ந்தார். உடன் சென்றவர் பணியாளர் ஜான் ஒருவரே. வாஸ் தமிழும் சிங்களமும் கற்றார். இரவுகளில் மறைந்து மறைந்து இறைமக்களைச் சந்தித்தார். 1692-இல் கண்டியில் ஒற்றர் என ஐயுற்றுச் சிறையிட்டனர். 1697-இல் அங்கே பெரியம்மை பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளரைத் தம் கையால் பேணினார். 1711-இல் கண்டியிலேயே மரித்தார். 2015-ஆம் ஆண்டு சனவரி 14-இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பு நகரில் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

அவர் வழியில் 1705-இல் இலங்கை சென்றவர், திவார் தீவில் பிறந்த யாக்கோமே கொன்சால்வெஸ். கொங்கணி பேசி வளர்ந்த இவர் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் இயற்றினார். சிங்களக் கத்தோலிக்க இலக்கியத்தின் தந்தை என்று போற்றப்படும் இவர் எழுதிய 'வியாகுலப் பிரசங்கம்' தமிழ் மக்களுக்குத் தவக்காலத்தின் கண்ணீராயிற்று.

கந்தோலிமில் 1756-இல் பிறந்த ஜோசே குஸ்தோதியோ தெ ஃபாரியாவோ அறிவுத்துறையில் பெயர் நாட்டினார். பதினைந்து வயதில் தந்தையுடன் கடல் கடந்து, 1780-இல் உரோமையில் குருவானார். இந்தியக் குருக்களுக்குப் பதவிகள் மறுக்கப்பட்ட மனக்குறையினின்று 1787-இல் கோவாவில் எழுந்த பிந்தோ கிளர்ச்சி கொடுமையாக ஒடுக்கப்பட்டது. மறு ஆண்டில் பதினைவர் உயிர் பறிக்கப்பட்டது. பின்னர் பாரிஸில் வாழ்ந்த ஃபாரியா, மனவசியத் துயிலுக்குக் காரணம் வசியம் செய்பவரிடமிருந்து பாயும் காந்த ஆற்றலன்று, துயில்பவரின் உள்ளமே என்று கண்டுரைத்தார். இதனை விளக்கும் நூல் வெளிவந்த 1819-ஆம் ஆண்டிலேயே அவர் மறைந்தார். 1945-இல் பனாஜியில் எழுப்பப்பட்ட அவரது சிலை இன்றும் நிற்கிறது.

இத்துணைப் பெருமைகளையும் கூறி முடித்துவிட நம் உள்ளம் ஒப்பவில்லை. வரலாறு இன்னொன்றும் கூறுகிறது. நிறத்தின் பெயரால் ஒதுக்கப்பட்டோர் எழுப்பிய ஒரட்டோரியன் இல்லம், பிராமணக் குடும்பங்களில் பிறந்த குருக்களை மட்டுமே சேர்த்துக்கொண்டது! ஏனைய குலத்துக் குருக்களுக்கு அக்கதவு திறக்கவில்லை. அவர்கள் வேறிடம் நாட வேண்டியதாயிற்று. வெள்ளையர் தம்மீது பூட்டிய தாழ்ப்பாளையே இவர்களும் தம் சகோதரர்மீது பூட்டினர். வாஸின் தூய்மையை இக்குறை சிறிதும் மாசுபடுத்தாது. கண்டியின் நோயாளரிடம் அவர் குலம் வினவவில்லை. ஆயினும் ஒரு சபையின் சட்டம் அதன் புனிதரின் உள்ளத்தைக் காட்டிலும் குறுகியதாய் இருக்கக் கூடும் என்னும் உண்மையை நாம் மறைத்தலாகாது.

இம்முரணைத் துணிந்து எழுதியவரும் ஒரு கோவா மைந்தரே. நவேலிமில் 1829-இல் பிறந்த பிரான்சிஸ்கோ லூயிஸ் கோமெஸ் மருத்துவர், பொருளியல் அறிஞர், 1860-இல் லிஸ்பன் நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பெற்று இந்தியர் உரிமைக்குக் குரல் கொடுத்தவர். 1866-இல் 'பிராமணர்கள்' என்னும் பொருள்படும் தலைப்பில் போர்த்துக்கீசிய மொழியில் ஒரு நாவல் எழுதினார். பிறப்பைக் கொண்டு பிறரை இழிப்பவர் பூணூல் அணிந்தோர் மட்டுமல்லர். நிறத்தைக் கொண்டு இழிக்கும் ஐரோப்பியரும் அவ்வினத்தாரே என்பது அதன் உட்பொருள். நாற்பதாம் வயதில், தாயகம் திரும்பும் கப்பலிலேயே அவர் உயிர் நீத்தார்.

கதவுகள் அடைபட்டபோதும் இம்மைந்தர் சோர்ந்துவிடவில்லை. ஒருவர் உரோமையிலும், இருவர் இலங்கையிலும், மற்றொருவர் பாரிஸிலும், பிறிதொருவர் லிஸ்பனிலும் தம் திறமைக்கு இடம் கண்டனர். ஆனால் அந்நாளில் அடைபட்ட கதவுகளுக்கு வெளியே நின்று, பெயரும் தெரியாமல் மறைந்தோர் எத்தனை பேரோ! சாதித்தோரின் பட்டியல் அவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. கல்லறைத் தோட்டத்திலும் தேர்த்திருவிழாவிலும் குலம் கேட்கும் வழக்கம் இன்னும் முற்றும் அற்றுவிடாத நம்மிடையே, புனித யோசேப் வாஸுக்கு நாம் செலுத்தக்கூடிய வணக்கம் மாலையோ விளக்கோ அன்று. நம் கையால் பூட்டிய தாழ்ப்பாள் எது என்று தேடி, அதனை நம் கையாலேயே நீக்குவதாகும்.