வெட்டுவதும் ஒட்டுவதும் ஒரே நொதி: பைல்-டியின் கதை

சூடோமோனாஸ் ஏருஜினோசா பொல்லாத கிருமி. தீக்காயங்களிலும், வென்டிலேட்டரில் இருப்பவர்களின் நுரையீரலிலும் குடியேறிவிடும். அதன் உடம்பில் பைலை எனப்படும் மெல்லிய இழைகள் உண்டு. செல்களில் ஒட்டிக்கொள்ளவும், பரப்பில் இழுத்து இழுத்து நகரவும் இவை உதவுகின்றன. பைலின் என்ற புரதத்தின் ஆயிரக்கணக்கான பிரதிகள் சேர்ந்ததுதான் ஓர் இழை.

1978-ல் இந்தப் பைலினின் நுனியை ஆராய்ந்த ஃப்ராஸ்ட், கார்ப்பென்டர், பாரன்சிச் ஆகியோருக்கு ஒரு விசித்திரம் தென்பட்டது. பாக்டீரியாவில் புரத உற்பத்தி மெத்தியோனினில்தான் தொடங்கும். இங்கோ முதலில் நிற்பது ஃபினைல்அலனின், அதன் தலையில் ஒரு மெத்தில் தொகுதி வேறு! அதே ஆண்டு கொனோரியா கிருமியின் பைலினிலும் இதுவே தெரியவந்தது.

1980களில் பைலின் ஜீனைப் படித்தபோது பாதி விடை கிடைத்தது. சூடோமோனாஸில் பைலின் உருவாகும்போது முன்னால் 6 அமினோ அமிலங்கள் கூடுதலாக இருக்கின்றன. ஏதோ ஒன்று அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு மெத்திலை ஒட்டுகிறது. எது?

டேவிட் நன், ஸ்டீபன் லோரி குழுவினர் 1990-ல் பைலின் ஜீனுக்குப் பக்கத்திலேயே மூன்று ஜீன்களைக் கண்டுபிடித்தார்கள். அவற்றில் பைல்-டி பழுதானால் பைலின் வெட்டப்படாமலே கிடந்தது, இழையும் உருவாகவில்லை. வெட்டும் நொதி பைல்-டியேதான் என்று 1991-ல் நிரூபித்தார்கள்.

சுவாரசியமே இனிமேல்தான். பைல்-டி இல்லாத கிருமியால் எக்ஸோடாக்சின்-ஏ என்ற நஞ்சையும் வெளியேற்ற முடியவில்லை. அந்த நஞ்சுக்கும் இழைக்கும் என்ன சம்பந்தம்? நஞ்சை வெளியே தள்ளும் இயந்திரத்தின் சில பாகங்கள் பைலினைப் போன்ற நுனி கொண்டவை. அவற்றையும் இதே நொதிதான் வெட்டுகிறது. பிரான்சின் மார்செய் நகரில் லஸ்டன்ஸ்கி குழு நஞ்சு வெளியேற்றத்தை ஆராய்ந்து, எக்ஸ்சிபி-ஏ என்ற ஜீனைப் பிடித்திருந்தது. அதுவும் பைல்-டியும் ஒன்றே! இரண்டு வழியில் தேடி வந்தவர்கள் ஒரே வாசலில் சந்தித்துக்கொண்டார்கள்.

மெத்திலை ஒட்டுவதும் பைல்-டியே என்று ஸ்ட்ராம், நன், லோரி 1993-ல் காட்டினார்கள். எஸ்-அடினோசைல் மெத்தியோனினிலிருந்து மெத்திலை எடுத்து, வெட்டிய நுனியில் வைக்கிறது. நுனியிலிருந்து ஐந்தாவதாக நிற்கும் குளுட்டமிக் அமிலத்தை மாற்றிவிட்டால் வெட்டு விழும், மெத்தில் ஒட்டாது.

இந்த நொதியைத் தடுத்தால் கிருமி ஒட்டுவதும் நஞ்சு கக்குவதும் ஒருசேர நிற்கும் என்பதால், மருந்து தேடுவோரின் கண் இதன்மேல் விழுந்தது. வெட்டுவதற்கு சிஸ்டைன் தேவை என்றுதான் முதலில் எண்ணினார்கள். 2000-ல் லாபாயின்ட், டெய்லர் இருவரும் காலரா கிருமியின் இதே வகை நொதிகளை ஆராய்ந்து, வெட்டுவது இரண்டு அஸ்பார்ட்டிக் அமிலங்கள் என்றார்கள்.

மெத்தில் எதற்கு என்பதுதான் தலைவலி. பெப்பே, லோரி 1998-ல் உருவாக்கிய சில மாற்று நொதிகள் வெட்டின, மெத்திலை ஒட்டவில்லை. அப்படியும் இழைகள் உருவாகத்தான் செய்தன.